வெடிமருந்து வாடையில் வளர்ந்த குட்டி

கங்காருக் குட்டிக்குக் காது திறக்கும்வரை டெல்மா மக்கின்டயரின் வீட்டில் எந்தச் சத்தமும் எழவில்லை. கெண்டி கொதித்தது, நாய் வாயைத் திறந்து மூடியது, தகரக் கூரைமேல் ஆலங்கட்டி விழுந்து உருண்டது, ஒன்றும் கேட்கவில்லை. சுவர்களின் நிறமும் போயிருந்தது. மேற்கு குயின்ஸ்லாந்தில் தாயை இழந்த குட்டிகளை வளர்க்கும் வீடுகளில் இது சகஜம்தான். கண் திறக்காத, முடி முளைக்காத அந்தக் குட்டிக்கு இருந்தது மூக்கு மட்டும்; ஆகவே வீட்டிலும் வாடை மட்டும் மிஞ்சியது. பக்கத்துப் பண்ணை ஐரிஸ் பேச வேண்டியதையெல்லாம் வாசலுக்கு வெளியிலேயே பேசிவிட்டு, உள்ளே வந்து தேநீர் குடித்துப் போவாள்.

டெல்மா செய்த பிசகு, குட்டிக்குப் பை தைக்க எடுத்த துணி. அவள் கணவன் ஆர்ச்சி ஆயுள் முழுக்கக் கங்காரு சுட்டவன். அவன் செத்த பிறகும் அந்த வேட்டைச் சட்டையை அவள் துவைக்கவில்லை. வெடிமருந்தும் எண்ணெயும் வீசும் அதற்குள்தான் குட்டி சுருண்டு கிடந்தது. ஒவ்வொரு புட்டிப் பாலும் அந்த வாடையோடுதான் அதற்கு வந்தது.

“துவைச்சுப் போடுடீ,” என்றாள் ஐரிஸ், வாசலுக்கு வெளியே நின்று. “நாளைக்கு எவனாவது துப்பாக்கியோட வந்தா, அம்மா வந்துட்டான்னு ஓடப் போவுது.”

“அந்த வாடையிலதான்டீ அவரு இருக்காரு,” என்றாள் டெல்மா.

காது திறந்த மதியம், அதுவரை அடங்கிக் கிடந்த சத்தமெல்லாம் ஒரேயடியாக வந்து இரண்டு ஜன்னல் கண்ணாடிகளை உடைத்தது. பிறகு கண் திறந்தது, சுவர்கள் மறுபடி பச்சையாயின. அப்போதுதான் டெல்மாவுக்குப் பயம் பிடித்தது. காட்டில் விடப்போகிற பிள்ளை துப்பாக்கிக்கு அஞ்ச வேண்டாமா? ஆர்ச்சியின் துப்பாக்கியைக் காட்டுவாள், கூடவே வாணலியைத் தட்டுவாள். குட்டி வெலவெலத்துப் பின்வாங்கும். வாடை எட்டியதும், நடுங்கிக்கொண்டே திரும்பி வந்து துப்பாக்கிக் குழலை நக்கும். கண்ணும் காதும் பிந்திக் கற்றதை மூக்கு ஏற்கவில்லை. மனதைக் கல்லாக்கிக்கொண்டு சட்டையைத் துவைத்தாள். ஆர்ச்சி சோப்பு நுரையோடு போய்விட்டான், குட்டியோ மாறவில்லை. அன்று அவள் ஐரிஸின் மடியில் விழுந்து அழுதாள்.

வளர்ந்ததும் சட்டப்படி அதை வெளியே விட்டாக வேண்டியிருந்தது. குளிர்காலத்தில் வேட்டைக்காரன் ராஸ் வேலியோரம் குறிபார்த்தபோது, கூட்டமெல்லாம் சிதறி ஓட, அது ஒன்று மட்டும் அவனை நோக்கித் துள்ளி வந்தது. பின்னால் டெல்மா கத்திக்கொண்டே ஓடி வருவதற்குள் அவன் விசையை அழுத்திவிட்டான். குண்டு வரவில்லை, பால் வந்தது. குட்டி குழலை வாயில் கவ்வி உறிஞ்சியது.

“டெல்மாக்கா, வெதுவெதுன்னு இருக்குக்கா,” என்றான் ராஸ், கையைக் காற்சட்டையில் துடைத்தபடி.

“சூடு பாத்துதான் குடுப்பேன், அப்படியே பழகிருச்சு,” என்றாள் அவள், மூச்சு வாங்க.

ராஸ் வேட்டைக்கு வேறு துப்பாக்கி வாங்கிக்கொண்டான். பால் வந்த இந்தத் துப்பாக்கியை டெல்மா தினமும் வெந்நீரில் கழுவி, சாயங்காலம் வேலிக்கு எடுத்துப் போகிறாள். எத்தனை கழுவினாலும் அதன் வெடிமருந்து வாடை மட்டும் போவதில்லை. குட்டி குடித்து முடிக்கும்வரை, அவள் மறுமுனைக் கட்டையில் கன்னத்தை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு நிற்பாள்.