இரண்டு வீட்டுக்கும் சரி

உல்லாசக் கப்பலில் கடைசி நாள் காலை துல்லியோவுக்குப் போட்டுக்கொள்ளப் பேன்ட் இல்லை. முந்தின நாள் சாயங்காலமே பெட்டிகளைக் கட்டி அறை வாசலில் வைத்துவிட வேண்டும் என்று அறிவித்திருந்தார்கள். கப்பல் ஆட்களே எடுத்துப்போய், கரை சேர்ந்ததும் துறைமுகக் கொட்டகையில் அடுக்கி வைப்பார்கள். அவரும் எல்லாவற்றையும் அழகாக மடித்து, பெட்டியைப் பூட்டி, சீட்டும் கட்டி வெளியே வைத்துவிட்டார். இருந்த பேன்ட் அத்தனையும் உள்ளே போய்விட்டது.

"இத்தன வருஷம் டிராம் ஓட்டினியே, ஒரு நாளாவது பேன்ட் இல்லாம டிப்போவுக்குப் போயிருக்கியா?" என்றாள் மனைவி ஒர்னெல்லா.

"டிப்போவுல யாரும் பெட்டியக் கட்டி வாசல்ல வைக்கச் சொல்லலையே."

நீலக் கோடு போட்ட பைஜாமாவுக்கு மேல் நல்ல கோட்டை மாட்டிக்கொண்டு, கண்ணாடி முன்னால் நின்று தலை வாரினார். "மேல மட்டும் பாத்தா மந்திரி மாதிரி இல்ல?"

"அப்ப எல்லாரையும் மேல மட்டும் பாக்கச் சொல்லு."

"காப்பி எடுத்துட்டு வரேன். வந்து சொல்றேன்."

"என்ன சொல்லப் போற?"

"எந்த வீடுன்னுதான். முடிவு பண்ணிட்டேன். காப்பி குடிச்சப்புறம்தான் சொல்வேன். வெறும் வயித்துல சொன்னா சண்டைக்கு வருவ."

கதவைச் சாத்தாமல் போனார். எப்போதும் அப்படித்தான். அவள் எழுந்து போய்ச் சாத்தினாள்.

கப்பல் சிவித்தாவெக்கியா துறைமுகத்துக்குள் மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தபோது, மேல்தளத்தில் காப்பிக்கு நின்ற வரிசையில் துல்லியோ சரிந்து விழுந்தார். அவருக்குப் பின்னால் நின்ற, பாரி ஊர்க்காரர் ஒருவர் தலையை மடியில் தாங்கிக்கொண்டார். மருத்துவர் ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஒர்னெல்லா மேலே வந்தபோது யாரோ மேஜை விரிப்பை எடுத்து அவருடைய கால்களை மூடியிருந்தார்கள். நல்லவேளை, பைஜாமா தெரியவில்லை என்றுதான் அவளுக்கு முதலில் தோன்றியது. மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான் வந்தது.

வீடு விஷயம் இதுதான். ஒரு வாரம் முழுக்க ஒலிபெருக்கி, நடனப் பாட்டு, சாப்பாட்டு வரிசை என்று காது அடைத்துப்போயிருந்தது. டூரினுக்குத் திரும்புவதற்கு முன் எங்காவது கிராமப்புறத்தில் நாலு நாள் சும்மா கிடக்கலாம் என்று இருவரும் பேசி வைத்திருந்தார்கள். மகள் லிவியா இரண்டு வீடுகளின் படங்களை அனுப்பியிருந்தாள். ஒன்று துஸ்கானியா பக்கம், குன்றின்மேல், ஆலிவ் தோப்புக்கு நடுவில். மற்றது மார்த்தாவில், ஏரிக்கரையை ஒட்டி.

"நீயே சொல்லு" என்றாள் ஒர்னெல்லா.

"உனக்கு எது பிடிக்குதோ அது."

இதைத்தான் அவர் நாற்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். சுவருக்கு என்ன நிறம், மகளுக்கு என்ன பெயர், ஞாயிற்றுக்கிழமை என்ன சமையல், எல்லாவற்றுக்கும் அதே பதில். அச்சகத்தில் பிழை திருத்துகிறவளாக வேலை பார்த்தவள் அவள். அடுத்தவர் வாக்கியத்தில் ஒரு காற்புள்ளி தவறினாலும் கண்டுபிடித்துவிடுவாள். தன் கணவருக்கு என்ன பிடிக்கும் என்பதைக் கண்டுபிடிக்கத்தான் முடியவில்லை. இந்த முறை விடவில்லை. "இந்த ஒண்ணு மட்டும் நீ தேர்ந்தெடு. தப்பா இருந்தாலும் நான் வாயத் திறக்க மாட்டேன்" என்று பிடிவாதம் பிடித்தாள். அவரும் ஒத்துக்கொண்டார். வழியில் கோர்ஃபு தீவில் இறங்கியபோது தனியாக ஒதுங்கி நின்று யாருடனோ தொலைபேசியில் பேசினார். முடிவும் எடுத்துவிட்டார். அதைச் சொல்வதற்குத்தான் காப்பி வேண்டியிருந்தது.

செப்டம்பர் கடைசியில் டூரினில் அடக்கம் நடந்தது. டிப்போ நண்பர்கள் பழைய சீருடையில் வந்தார்கள். மாடியில் குடியிருந்தவர்கள் மாற்றி மாற்றிச் சாப்பாடு கொண்டுவந்து வைத்தார்கள். அழுகை வந்த நேரத்தில் ஒர்னெல்லா அழுதாள். ஆனால் பாத்திரம் கழுவும்போதும் படுக்கை விரிக்கும்போதும் அவளை அரித்துக்கொண்டிருந்தது வேறு. எந்த வீடு? வெளியே சொன்னால் சிரிப்பார்கள். ஆள் போய்விட்டார், வீடு எதுவாக இருந்தால் என்ன?

அக்டோபர் நடுவில் தொலைபேசி அடித்தது.

"சின்யோரா, துஸ்கானியால இருந்து எர்சீலியா பேசறேன். கோவிச்சுக்காதீங்க, மனசு கேக்கல. உங்க வீட்டுக்காரர் வரேன்னு சொன்னாரு. நானும் சூப் வெச்சுக்கிட்டு வாசல்லயே நின்னேன். வரலன்னா போகட்டும், ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

ஒர்னெல்லா விஷயத்தைச் சொன்னாள். அந்தப் பக்கம் துல்லியோவை ஒரு தடவைகூடப் பார்த்திராத அந்தப் பெண் விசும்பி அழுதது கேட்டது. "அடக் கடவுளே, ஃபோன்ல எவ்வளவு நல்லாப் பேசினாரு!"

தொலைபேசியை வைத்த பிறகு ஒர்னெல்லா சமையலறையில் நின்று, "குன்று" என்று வாய்விட்டுச் சொன்னாள். மறுபடியும் சொல்லிப் பார்த்தாள். பதில் கிடைத்துவிட்டது. அன்று மத்தியானம் நன்றாகச் சாப்பிட்டாள்.

நவம்பரில் அங்கே போகப்போவதாகச் சொன்னதும் லிவியா குதித்தாள். "நவம்பர்ல யாராவது தனியா அங்க போவாங்களாம்மா?"

"உங்கப்பா தேர்ந்தெடுத்த எடம்."

"அப்பாவா? உன்னைத் தவிர வாழ்க்கைல எதைத்தாம்மா அவரு தேர்ந்தெடுத்திருக்காரு?"

"அதையும் நான்தான் செஞ்சேன். அவரு தலையாட்டினாரு, அவ்வளவுதான்."

ரயில் மாறி, பஸ் ஏறி, ஒர்னெல்லா துஸ்கானியாவில் போய் இறங்கினாள். எர்சீலியா பழைய காரோடு காத்திருந்தாள். ஐம்பது வயதைத் தாண்டிய, கைகள் பெரிதான பெண். தோப்புக்குள் நுழைந்ததுமே காது கிழிகிற இரைச்சல். நீளக் கம்புகளின் நுனியில் விரல்கள் போல எதுவோ அதிர, மரமெல்லாம் நடுங்க, கீழே விரித்த வலைகளில் ஆலிவ் காய் மழைபோல் கொட்டிக்கொண்டிருந்தது.

"அமைதியான எடம்னு விளம்பரத்துல போட்டிருந்துச்சே" என்று கத்தினாள் ஒர்னெல்லா.

"அமைதிதான், செப்டம்பர்ல!" என்று பதிலுக்குக் கத்தினாள் எர்சீலியா. "நவம்பர்ல காய் எறக்காம கச்சேரியா வைக்கறது? டூரின்ல எண்ணெய் பாட்டில்லயே காய்க்குதா?"

சும்மா உட்காரவும் விடவில்லை. மறுநாளே ஒரு பெட்டியை முன்னால் தள்ளி, காயோடு சேர்ந்த இலைகளைப் பொறுக்கச் சொன்னாள். ஒர்னெல்லாவுக்கு அது பிடித்திருந்தது. அச்சுப்பிழை பொறுக்குவதுபோல்தான். சாயங்காலம் இயந்திரங்கள் நின்றதும் நிசப்தம் மொத்தமாக வந்து இறங்கும். அப்போது அவள் வீட்டைச் சுற்றி மெல்ல நடப்பாள். ரொட்டி சுடும் அடுப்பைப் பார்த்து, இதுக்காகத்தான் இருக்கும் என்று நினைப்பாள். ஒற்றைச் சரளைப் பாதை வளைந்து கீழே போவதைப் பார்த்து, டிராம்காரனுக்கு இது பிடித்திருக்கும் என்பாள். இத்தனை காலம் கூடவே இருந்த மனிதரை இப்போதுதான் தெரிந்துகொள்வதுபோல் இருந்தது.

அந்த நிம்மதியை உடைத்தவன் எர்சீலியாவின் அண்ணன் ஃபோஸ்கோ. அப்பா விட்டுப்போன தோப்பில் பாதி அவனுக்கு. தன் பங்குக் காய்களை எடுத்துப்போக ரப்பர் காலணியோடு வேனில் வந்து இறங்கினான். ஒர்னெல்லாவைப் பார்த்ததும் தொப்பியை எடுத்தான்.

"டூரின் சின்யோராதானே? துக்கம் சந்தைல கேள்விப்பட்டேன். நல்ல மனுஷன். ஆனா எங்க வீட்டுக்கு வராம இங்க எப்படி வந்தீங்க?"

"எங்க வீட்டுக்குன்னா?"

"மார்த்தால, ஏரிக்கரைல. அவரு வரேன்னு சொன்ன வீடு. மீனெல்லாம் வாங்கி வெச்சிருந்தேனே."

"உளறாத அண்ணே" என்றாள் எர்சீலியா. "அவரு சொன்னது என்கிட்ட."

"உன்கிட்டயா? கீழ்த்தள ரூம், ஏரியப் பாத்த ஜன்னல்னு என்கிட்ட பேசி முடிச்சாரு. அந்த வாரம் சந்தைல நான் எல்லார்கிட்டயும் சொன்னேனே!"

"அதே சந்தைல நானும்தான் சொன்னேன். நீ சும்மா பெருமையடிக்கறன்னு நெனச்சேன்."

இருவரும் மாறி மாறிக் கத்திக்கொண்டார்கள். ஒர்னெல்லா கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. உங்களுக்காக அறையை ஒதுக்கி வைக்கிறேன் என்று ஒருவர் அன்பாகச் சொல்லிவிட்டால், முடியாது என்று சொல்லத் துல்லியோவின் நாக்கு எழும்பாது. அது அசிங்கம், எதிராளியின் முகத்தில் அடிப்பது. சரி என்று சொல்லிவிட்டுப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். டூரின் வீட்டு அலமாரியில் தூசி உறிஞ்சும் இயந்திரம் இரண்டு இருப்பதும் அதனால்தான். கோர்ஃபுவில் அவர் பேசியது ஒருவரோடு இல்லை, இருவரோடும்.

"ஒரு நிமிஷம்" என்றாள். சண்டை நின்றது. "உங்ககிட்ட என்ன பேசினாரு? அப்படியே சொல்லுங்க."

ஃபோஸ்கோ யோசித்தான். "என் பொண்டாட்டிக்கு மீன்னா உயிரு, முழங்கால் வலிக்கும், மாடிப்படி கூடாதுன்னாரு."

"என்கிட்ட, அவளுக்குச் சத்தம் ஆகாது, காலைல படிக்க வெளிச்சம் வேணும்னாரு" என்றாள் எர்சீலியா.

"தனக்கு என்ன வேணும்னு?"

அண்ணனும் தங்கையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஃபோஸ்கோ தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "அப்படி ஒண்ணும் சொல்லலையே."

ஒர்னெல்லா மர வரிசைக்குள் நடந்தாள். யாரும் இல்லை என்று நினைத்த இடத்தில் நின்று, "ஒரு வார்த்ததானே கேட்டேன், கழுத" என்று உரக்கச் சொன்னாள். "நாப்பது வருஷத்துல ஒரே ஒரு வார்த்த." பக்கத்து மரத்தடியில் குனிந்து காய் பொறுக்கிக்கொண்டிருந்தவர் தன்னைத்தான் திட்டுகிறாள் என்று நிமிர்ந்து, "என்ன சின்யோரா, கிளை ஏதும் ஒடிஞ்சிருச்சா?" என்றார். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

மறுநாள் ஃபோஸ்கோ விடாப்பிடியாக அவளை மத்தியானச் சாப்பாட்டுக்கு மார்த்தாவுக்கு அழைத்துப் போனான். தக்காளி போட்ட ஏரிமீன் குழம்பு, தொட்டுக்கொள்ளச் சுட்ட ரொட்டி. ரொம்ப நன்றாக இருந்தது. இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். பிறகு அந்த அறையைத் திறந்து காட்டினான். படி இல்லை. ஜன்னலுக்கு வெளியே நாணல், அதைத் தாண்டினால் தண்ணீர். பெரிய கட்டில். அவர் சுவரோரம் படுத்துக்கொள்வார், அவள் இந்தப் பக்கம். இங்கே வந்திருந்தாலும் நன்றாகத்தான் இருந்திருக்கும்.

"பெட்டிய நானே போய் எடுத்துட்டு வந்துடறேன். இங்கயே இருந்துடுங்க. உங்களுக்காகத் திறந்து வெச்ச ரூம். என்ன சொல்றீங்க?" சாவியை நீட்டிக்கொண்டு நின்றான். முகத்தில் அவ்வளவு ஆசை.

துல்லியோ மாட்டிக்கொண்ட இடம் இதுதான் என்று அவளுக்குத் தெரிந்தது. சரி என்ற வார்த்தை அவள் வாயிலும் வந்து நின்றது. சொல்லிவிடுவது எவ்வளவு சுலபம். சொல்லிவிட்டு எர்சீலியாவிடம் ஏதாவது பொய்க் காரணம் கண்டுபிடித்துக்கொள்ளலாம்.

"இல்ல ஃபோஸ்கோ" என்றாள். "ரூம் ரொம்ப அழகா இருக்கு. இந்த மாதிரி குழம்பு நான் சாப்பிட்டதே இல்ல. ஆனா நான் மேல, குன்றுலதான் இருக்கப் போறேன்."

அவன் முகம் சிவந்தது. "மூஞ்சிக்கு நேரா இப்படி யாரும் சொல்லி நான் கேட்டதில்ல."

"அவரா இருந்தா சொல்லியிருக்க மாட்டாரு. நான் சொல்லுவேன்."

திரும்பி வரும் வழியெல்லாம் அவன் ரோட்டையே பார்த்து ஓட்டினான். வேன் பாட்டுக்கு உறுமிக்கொண்டு ஏறியது. எர்சீலியா வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, பின்பக்கமிருந்து ஒரு மீன் பெட்டியை எடுத்து அவள் கையில் திணித்தான். "இவளுக்கு இல்ல. உங்களுக்கு."

"எங்க அடுப்புலதானே வேகணும்?" என்றாள் எர்சீலியா உள்ளிருந்து.

அவன் போன பிறகு இருவரும் மீன் சுத்தம் செய்தார்கள். நடந்ததை ஒர்னெல்லா சொன்னாள். தனக்கு ஏன் இந்த இடம் வேண்டும் என்பதையும் சொன்னாள்: காலை வெளிச்சம், இலை பொறுக்கும் வேலை, இரைச்சல் சட்டென்று நிற்கிற அந்தச் சாயங்காலம். துல்லியோவின் பெயர் அந்தப் பேச்சில் வரவில்லை.

எர்சீலியா கத்தியை நிறுத்தினாள். "அப்ப கடைசில உங்களையே தேர்ந்தெடுக்க வெச்சுட்டாரு. கெட்டிக்கார மனுஷன்."

ஒர்னெல்லா செதில் ஒட்டிய கையால் கன்னத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி மீனை எடுத்தாள்.

அதற்குப் பிறகு வருஷந்தோறும் காய் இறக்கும் சமயத்தில் அவள் அங்கே போகிறாள். எண்ணெய் பிழியும் நாளில் ஃபோஸ்கோ மீனோடு வருவான், யாருடைய காய் நல்ல காய் என்று தங்கையோடு சண்டை போட்டுவிட்டுப் போவான். அம்மாவோடு பேசவே முடிவதில்லை என்று லிவியா ஒவ்வொரு முறையும் குறைபடுகிறாள். அந்த வீட்டுக்குள் கைபேசிக்குச் சிக்னல் கிடைப்பதில்லை. பேச வேண்டுமானால் கிணற்றைத் தாண்டிப் போய் நிற்க வேண்டும்.