நோன்பு பிடித்த மீன்

உலக யுத்தம் முடிந்த வருஷம். மதரஸாவில் தன்னிடம் ஓதவரும் பொடிசுகளுக்கு நோன்பைப் புரியவைக்க, யூனுஸ் நபியை விழுங்கிய மீனும் அவர் தன் வயிற்றுக்குள் இருந்தவரை நோன்பு பிடித்தது என்று அசனா லெப்பை கதையில் சேர்த்துக்கொண்டார். அது கிதாபில் இல்லை என்பதை மைத்துனன் தாவூதிடம் மட்டுமே சொல்லியிருந்தார்.

"நல்லாத்தான் இருக்கு மச்சான், சும்மா சொல்லுங்க" என்று சிரித்த பாவி, பள்ளிவாசல் ஜமாஅத்தில் போய் வத்தி வைத்துவிட்டான். லெப்பையின் வேலை போயிற்று.

முதல் நோன்பன்று துணிமூட்டையோடு சொந்த ஊரான செந்துறைக்குக் கிளம்பியவர், மதரஸா ஜன்னலோரம் நின்றார். அவருடைய பாயில் தாவூது சம்மணமிட்டிருந்தான்.

"அந்த மீன் ஏன் ஒண்ணும் திங்கல?"

"நோன்பு புடிச்சிருந்துச்சு, ஹஜ்ரத்!" என்று பிள்ளைகள் கத்தின.

லெப்பைக்கு வண்டைவண்டையாக வசவு வாய்வரை வந்துவிட்டது. நோன்பாயிற்றே என்று அத்தனையையும் விழுங்கிக்கொண்டு நடந்தார்.