விடை பெறாத பருந்துகள்

பத்துமி நகரத்துக்கு மேலே இருக்கிற மலைக்கிராமத்தில், தெற்கே போய்க்கொண்டிருந்த எட்டாயிரம் தேன்பருந்துகள் ஒரு செப்டம்பர் காலையில் ஜெமால் வீட்டுக்கு நேர் மேலே வந்ததும் நின்றுவிட்டன. விரித்த சிறகோடு, வட்டம்கூடப் போடாமல், கொடியில் காயப்போட்ட துணிபோல நின்றன. அன்று மழை இல்லை. கடையில் சர்க்கரை விலை ஏறியிருந்தது.

காரணம் ஊருக்கே தெரியும். முந்தின மாலை, பருந்து எண்ண வந்து ஜெமால் வீட்டில் தங்கியிருந்த வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு விருந்து. அங்கே விருந்துக்கு ஒரு தலைவர் உண்டு. அவர் வாழ்த்துச் சொன்னால்தான் மற்றவர்கள் குடிக்கலாம், அவர் கடைசி வாழ்த்தைச் சொன்னால்தான் விருந்தாளி வாசல் தாண்டலாம். தலைவர் வேறு யார், ஜெமால்தான். போன வருஷம் வரை இதே பருந்துகளைச் சுட்டுக் குழம்பு வைத்த மனிதர், ஒயின் உள்ளே போகப் போக மனம் கனிந்து, மேலே போகிறவர்களும் நம் வீட்டு விருந்தாளிகளே என்று அவற்றுக்கும் ஒரு வாழ்த்துப் போட்டார். பிறகு தன் பாட்டனாரின் வீரத்துக்கு வந்தார். பாட்டனார் பாதி ஆற்றைக் கடந்திருந்தபோது டச்சுக்காரப் பையன் யூரியன், ஏதோ கழுகு போகிறதென்று கோப்பையை வைத்துவிட்டுத் தொலைநோக்கிக்கு ஓடினான். ஜெமால் தன் கொம்புக் கோப்பையைக் கவிழ்த்துவிட்டு, கடைசி வாழ்த்தைச் சொல்லாமலே போய்ப் படுத்துக்கொண்டார்.

எண்ண வந்தவர்களுக்குக் கொண்டாட்டம். நின்ற பருந்துகளையே தினமும் புதிதாக எண்ணினார்கள். உலகத்திலேயே இங்கேதான் அதிகம் என்று பத்திரிகையில் வந்தது. எல்லாம் அதே பறவைதானே என்று ஜெமாலின் மனைவி நனூலி கேட்டதற்கு, ஒவ்வொரு காலையும் பூஜ்யத்திலிருந்து தொடங்குவதுதான் முறை என்று யூரியன் பொறுமையாக விளக்கினான். படித்த பிள்ளை.

நனூலியின் கவலை மாண்டரின் ஆரஞ்சுத் தோட்டம். வருஷம் முழுக்க வீட்டுக்கு ரொட்டி போடுவது அந்த மரங்கள்தான். பருந்து நிழலில் வெயிலே படாமல் அக்டோபர் கடைசியிலும் காய்கள் பச்சையாகவே தொங்கின. பனி விழுந்தால் அத்தனையும் குப்பைக்கு.

"ஏய்யா, எந்திரிச்சு அந்த ஒரு வாழ்த்தச் சொல்லித் தொலையேன்."

"அவன் மன்னிப்புக் கேக்கட்டும்."

"கேட்டானே, நாலு தடவ."

"அவன் பாஷையில கேட்டான்."

"நான்தான் அர்த்தம் சொன்னேனே."

"அப்போ அது நீ கேட்ட மன்னிப்பு. அவன் கேட்டது எங்க?"

மலை உச்சியில் வெள்ளை தெரிந்த அன்று நனூலி கொம்பில் ஒயினை ஊற்றிக்கொண்டு முற்றத்தில் இறங்கினாள். பக்கத்து வீட்டு லாமாரா வேலிக்கு மேல் தலையை நீட்டினாள்.

"பொம்பள கொம்பத் தூக்குனா வீடு வெளங்காதுடி."

"இப்ப ரொம்ப வெளங்குது. பட்டப்பகல்ல லைட்டப் போட்டுச் சமைக்கிறேன்." நனூலி மேலே பார்த்துக் கொம்பை உயர்த்தினாள். "வந்தீங்க, சந்தோஷம். ஒரு வாய் சோறு போடல, மனசுல வச்சுக்காதீங்க. போற வழி நல்லாருக்கட்டும். கெளம்புங்க."

பருந்துகள் கிளம்பின. வெயில் இறங்கியது. பனி வருவதற்குள் பாதிக்கு மேல் பழுத்துவிட்டது. அனுமதி கொடுத்ததே தான்தான் என்று ஜெமால் ஊரெல்லாம் சொன்னார். ஊரும் மரியாதைக்குத் தலையாட்டியது.

அடுத்த வருஷத்திலிருந்து எந்தப் பருந்தும் நனூலி சொல்லாமல் அந்த வீட்டைத் தாண்டுவதில்லை. மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து அனுப்பி வைப்பாள். ஊற்றிக்கொடுப்பது ஜெமால், அது ஆம்பிளை வேலை என்று ஆகிவிட்டது. அவள் பல் டாக்டரைப் பார்க்கப் பத்துமிக்குப் போகிற நாட்களில் சாயங்கால பஸ் வரும்வரை பருந்துகள் காத்து நிற்கின்றன. பஸ் எப்போதும் தாமதம்தான்.