சிமென்ட் கொக்கு நிறுத்தம்

எல்டன் என்னை நடுவழியில் விட்டுவிட்டுப் போன கதையை சஸ்காட்செவன் மாகாணத்தில் கேட்காத ஆள் கிடையாது. கேரவன் என்கிற வீட்டு வண்டிகள் வரிசையாக நிற்கும் எந்த முகாமுக்குப் போனாலும், தீ மூட்டி நாலு நாற்காலி போட்டதும் என் புருஷன் பீர் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு தொண்டையைச் செருமுவான். "மார்லிஸ் பின்னாடி கட்டில்ல தூங்குறான்னு நெனச்சு ஓட்டிக்கிட்டே போறேன். ஆகா, என்ன ஒரு அமைதி! கல்யாணம் ஆனதிலேர்ந்து அப்படி ஒரு பயணம் போனதே இல்ல. கடைசில பாத்தா, இவ வழியில நிறுத்தின எடத்துல கக்கூஸுக்குள்ள கதவைச் சாத்திக்கிட்டு உக்காந்திருக்கா!" எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். ஆறு வருடமாகச் சிரித்துச் சிரித்துத் தாடை வலிக்கிறது.

அவன் சொல்லாததை நான் சொல்கிறேன். எங்கள் கேரவனில் கழிப்பறை உண்டு. ஆனால் வண்டி ஓடும் நாளில் அதை யாரும் தொடக் கூடாது. கழிவுத் தொட்டியைக் குழாய் மாட்டிக் காலி செய்வது எல்டன், அதனால் சட்டமும் எல்டனுடையதுதான். வழியில் நிற்கிற இடத்தில் இறங்கித்தான் போய்வர வேண்டும். அன்றைக்கும் அந்தச் சட்டப்படிதான் இறங்கினேன். லார்க்ஹில் ஊருக்கு வெளியே, மூடிக் கிடந்த பெட்ரோல் பங்க். அதன் முன்னால் ஆள் உயரத்துக்கு மூன்று மடங்காகச் சிமென்ட்டில் ஒரு கொக்கு. பின்னால் தகரக் கூரை போட்ட கழிப்பறை. வெளியே வந்து பார்த்தேன், வண்டியைக் காணோம். என் போனும் கைப்பையும் வண்டியோடு போய்விட்டன.

பெரிய லாரிகளுக்குப் பயந்து எல்டன் எப்போதும் பழைய சாலையில்தான் ஓட்டுவான். அந்தச் சாலையில் ஈ காக்கா கிடையாது. சுற்றிலும் கடுகுச் செடி போன்ற கனோலா வயல் மஞ்சளாகப் பூத்துக் கிடந்தது. பிறகு மேற்கே வானம் கறுத்தது. ஆலங்கட்டி விழ ஆரம்பித்தது, ஒவ்வொன்றும் கோலிக்குண்டு அளவு. ஓடிப்போய் அந்த நாற்றத்துக்குள்ளேயே நுழைந்துகொண்டேன். தகரக் கூரையில் விழுந்த சத்தத்தில் நான் அழுதது எனக்கே கேட்கவில்லை. அவன் திரும்பி வந்தபோது சாயங்காலம் ஆகியிருந்தது. தெரிந்த நிமிஷமே திரும்பி ஓடி வந்தேன் என்றான். நம்பினேன். நம்பியதால்தான் சிரிக்கவும் முடிந்தது.

இன்று காலை அந்த நம்பிக்கை போயிற்று. எல்டனும் அவன் நண்பன் மர்வும் தொட்டிகளைக் காலி செய்துகொண்டிருந்தார்கள். அன்றும் இன்றும் எங்களோடு சேர்ந்து பயணம் செய்யும் மர்வுடைய மனைவி நடீன், என் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தாள். கொடுத்த பிறகும் போகாமல் நின்றாள்.

"நேத்து அவன் அந்தக் கதையச் சொல்றப்ப நீ எழுந்து போனதப் பாத்தேன். மனசு கேக்கல மார்லிஸ். அந்த பன் விஷயம் உனக்குத் தெரியும்தானே?"

"எந்த பன்?"

நடீனின் முகம் வெளுத்தது. "அன்னைக்கு நாங்க முன்னாடி போய்க் காபிக் கடையில உக்காந்திருந்தோம்ல. எல்டன் வந்தான். நீ எங்கேன்னு கேட்டேன். 'கொக்குகிட்ட நிக்கிறா. காலைல வண்டியைப் பின்னால எடுக்கறப்ப எனக்குச் சைகை காட்டத் தெரியாம வண்டியைக் கம்பத்துல மோத வெச்சா இல்ல? கொஞ்ச நேரம் நிக்கட்டும், பன்னை முடிச்சுட்டுப் போறேன்'னான். விளையாட்டுக்குச் சொல்றான், நீ வண்டியில தூங்குறேன்னு நெனச்சுட்டேன்டி."

பாத்திரத்தைக் கழுவி வைத்தேன். அது ஏற்கெனவே கழுவிய பாத்திரம்.

நடீனும் மர்வும் அடுத்த முகாமுக்கு முன்னால் கிளம்பிப் போனார்கள். நாங்கள் பழைய சாலையைப் பிடித்தோம். எதிரே வந்த ஒரே ஒரு டிரக்குக்கு எல்டன் ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு விரலைத் தூக்கி வணக்கம் வைத்தான். ஊர் உலகத்துக்கெல்லாம் அவன் நல்லவன். தேன் விற்கிற பண்ணைக் கடையில் நிறுத்தினோம். ஒரு பாட்டில் தேன் வாங்குவதற்குள் கடைக்காரப் பெண்ணிடம் கதை ஆரம்பித்துவிட்டது. "பின்னாடி கட்டில்ல தூங்குறான்னு நெனச்சு..." அவள் சிரித்தாள். என்னைப் பார்த்தும் சிரித்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அப்படியும் ஒரு வாய்ப்பு கொடுத்தேன். வண்டி கிளம்பியதும் கேட்டேன். "எல்டன், அன்னைக்கு நான் வண்டியில இல்லன்னு உனக்கு எப்ப தெரிஞ்சுது?"

"அதான் ஆயிரம் தடவ சொல்லியிருக்கேனே கிழவி. தெரிஞ்ச உடனே திருப்பிட்டேன்."

"வழியில எங்கயும் நிக்கலயா?"

"உன்ன விட்டுட்டு எனக்கு எங்க நிக்க மனசு வரும்?" என்று என் முழங்காலைத் தட்டினான்.

தட்டிய இடம் எரிந்தது.

மதியம் ஒரு தானியக் கிடங்கின் நிழலில் நிறுத்தி ரொட்டியும் ஊறுகாய் வெள்ளரியும் சாப்பிட்டோம். சாப்பிட்டால் எல்டனுக்குக் கண் சொக்கும். "நீ ஓட்டு, நான் கொஞ்சம் சாயறேன்" என்று பின்னால் கட்டிலுக்குப் போனான். அவன் போன் முன்னால் சார்ஜில் கிடந்தது.

லார்க்ஹில் வரை ஓட்டினேன். கொக்கு அப்படியேதான் நின்றது, அலகில் மட்டும் கொஞ்சம் காரை பெயர்ந்திருந்தது. நிறுத்தினேன். எழுந்து வந்தவன் கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தான்.

"அட, உன் கொக்கு! இறங்கி ஒரு போட்டோ எடுக்கட்டுமா?"

"வேண்டாம். நீ போயிட்டு வா. தொட்டி நிறையக் கூடாதில்ல."

வீட்டுச் செருப்போடு இறங்கினான். தலையில் தொப்பி இருந்தது. வானத்தில் ஒரு மேகமும் இல்லை. அதையெல்லாம் பார்த்துக்கொண்டேன், நான் கொலைகாரி இல்லை. தகரக் கதவு சாத்திய சத்தம் கேட்டதும் வண்டியை எடுத்தேன். கண்ணாடியில் பார்த்தால், கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு ஓடி வருகிறான். "மார்லிஸ்! ஏய், மார்லிஸ்!" வண்டியின் வேகத்தைக் கூட்டினேன். என்ன சந்தோஷம் தெரியுமா! வெட்கமில்லாமல் சொல்கிறேன், அப்படி ஒரு சந்தோஷம்.

அந்தக் காபிக் கடை இப்போதும் இருக்கிறது. பட்டைத் தூள் போட்ட பன் அங்கே தட்டு அளவுக்கு இருக்கும், மேலே வெள்ளையாகச் சர்க்கரைப் பாகு வழியும். ஒரு பன்னும் ஒரு காபியும் கொண்டுவரச் சொன்னேன்.

"தனியாவா வந்தீங்க?" என்றாள் பரிமாறியவள்.

"வீட்டுக்காரர் வழியில கொக்கு பாத்துக்கிட்டிருக்கார்."

சுருள் சுருளாகப் பிரித்து மெதுவாகத்தான் சாப்பிட்டேன். இத்தனை பெரியதையா இவன் உட்கார்ந்து தின்றான்? பாகை வழித்து, விரலை நக்கி, மர்வோடு அரட்டை அடித்து? ஒவ்வொரு வாய்க்கும் அந்தத் தகரக் கூரை என் காதில் இரைந்தது. பாதியிலேயே வயிறு நிறைந்துவிட்டது. விடவில்லை. கடைசித் துணுக்கு வரை தின்றேன். இன்னொரு காபியும் சொன்னேன்.

திரும்பிப் போனபோது கொக்கின் நிழல் சாலையைத் தாண்டி வயலுக்குள் நீண்டிருந்தது. அந்த நிழலுக்குள் எல்டன் குந்தியிருந்தான். கொசு கடித்துக் கழுத்தும் கையும் தடித்துப்போயிருந்தன. தொண்டை கட்டியிருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து, சிரிக்கப் பார்த்தான்.

"பின்னாடி கட்டில்ல நான் இருக்கேன்னு நெனச்சுட்டே, அப்படித்தானே? நான் கத்தினது கேட்டிருக்காது. சரியாப்போச்சு, ரெண்டு பேருக்கும் கணக்கு சரி!"

பொய்யையும் அவனே எடுத்து நீட்டினான், நான் வாங்கிக்கொண்டால் போதும்.

"இல்ல எல்டன். நீ ஓடி வந்தத கண்ணாடியில பாத்துக்கிட்டேதான் போனேன். பன்னை முடிக்காம வர மனசில்ல."

கதவில் வைத்த கை அப்படியே நின்றது. ஆறு வருடத்தில் முதல் தடவையாக அவனிடம் சொல்ல ஒரு கதையும் இல்லை.

ஏறி உட்கார்ந்தான். தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தேன், மடமடவென்று குடித்தான். வெகுதூரம் போன பிறகு, ரோட்டைப் பார்த்தபடியே மெதுவாகக் கேட்டான்.

"இன்னைக்கு முகாம்ல எல்லாரும் இருப்பாங்க. இத அவங்ககிட்ட சொல்லப் போறியா?"

"நான் எதுக்குச் சொல்லணும்? கதை சொல்றவன் நீதானே," என்றேன். "தீ மூட்டினதும் நீயே சொல்லு. ஆனா இந்தத் தடவ பன்னிலேர்ந்து ஆரம்பி."