கட்டுக்காரியும் மேஜரின் கெண்டைக்காலும்

ஒப்பனைக்காரர் மேஜரின் கெண்டைக்காலில் சிவப்புச் சாயத்தைக் குழைத்துக் குழைத்துப் பூசினார். "இன்னும் கொஞ்சம் தாராளமா ஊத்துப்பா, கடைசி வரிசைக்குத் தெரிய வேணாமா?" என்றார் மேஜர்.

பார்த்துக்கொண்டிருந்த கட்டுக்காரிக்குக் குமட்டியது. போர்முனையில் காயங்களுக்குக் கட்டுப் போடுவது அவள் வேலை. அந்தப் பெயர் சிப்பாய்கள் வைத்தது. சரிந்த குடலைக் கையால் ஏந்திக் கட்டியவள் அவள். அப்போதெல்லாம் வராத குமட்டல், ஒரு குப்பிச் சாயத்தைப் பார்த்து வந்துவிட்டது.

ஆள்சேர்ப்பு விழா அது. குண்டுமழையில் மேஜரைக் காப்பாற்றினாள் என்றுதான் அவளுக்குப் பதக்கம். அந்தக் கதையை இருவரும் மேடையில் நடித்துக் காட்ட வேண்டுமாம்! கூத்துக்குக் குறைச்சலில்லை.

மேடைப் படியருகே ஒரு பெண் அவள் கையைப் பிடித்தாள். மேஜரின் வண்டியை ஓட்டிச் செத்துப்போன டிரைவரின் அக்கா. தாயில்லாத தம்பியை இடுப்பில் சுமந்து வளர்த்தவள்.

"அந்த எடத்துலயே உயிர் போயிடுச்சுன்னாங்க. வலியே தெரிஞ்சிருக்காதாம். நெசந்தானாம்மா? யாரைக் கேட்டாலும் மழுப்புறாங்க. நீ பக்கத்துல இருந்தவ. நீ சொன்னா நம்புவேன்."

அப்படியே சொல்ல வேண்டும் என்றுதான் கட்டுக்காரிக்கும் உத்தரவு. "விழா முடியட்டும்க்கா" என்று கையை உருவிக்கொண்டாள். தன் மேலேயே காறித் துப்ப வேண்டும் போலிருந்தது.

மேடையில் மேஜர், சட்டையில் குத்திய மைக்கில் "ஐயோ, அம்மா" என்று ஊரே கேட்க முனகினார். பக்கத்தில் காயம்பட்டவனாகப் படுத்திருந்த சிப்பாய்க்கு வசனமே கிடையாது. "இதோ ஓடோடி வருகிறார் நம் வீராங்கனை!" என்று கத்தினார் அறிவிப்பாளர்.

அவள் மேஜரைத் தாண்டிப்போய் அந்தச் சிப்பாயிடம் மண்டியிட்டாள். திட்டம் போட்டெல்லாம் செய்யவில்லை. பழகின கால் தானாகப் போனது. கத்துகிறவனுக்கு மூச்சு இருக்கிறது, சத்தமில்லாதவனை முதலில் பார்க்க வேண்டும். அவள் தொழில் அப்படி.

"ஏய், இங்க வா! என்னை முதல்ல பாரு!" என்று மேஜர் பல்லைக் கடித்தார். மைக் அதையும் ஊருக்குச் சொன்னது. கூட்டம் சிரித்தது.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. எழுந்து அறிவிப்பாளரின் மைக்கைப் பிடுங்கினாள்.

"அன்னைக்கும் இதையேதான் சொன்னாரு. இவருக்குக் கெண்டைக்கால்ல ஒரு சிராய்ப்பு. டிரைவருக்குத் தொடை கிழிஞ்சிருந்துச்சு, ஆனா சத்தமே போடல. ரத்தத்தை நிறுத்திக் கட்டுப் போட்டேன். உயிர் இருந்துச்சு. ஆஸ்பத்திரிக்குப் போக ஒரே வண்டி. அதுல இவரு காலை நீட்டிப் படுத்துக்கிட்டுப் போனாரு, இன்னொருத்தனுக்கு எடமில்லைன்னுட்டு. நான் வாயை மூடிக்கிட்டதுக்குத்தான் இந்தப் பதக்கம். சீ!"

மைக்கை அணைத்துவிட்டார்கள். மேஜர் சாயம் வழிய எழுந்து உட்கார்ந்து யாரையோ திட்டினார். அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் இறங்கிப்போய் அக்காவின் முன்னால் நின்றாள்.

"உடனே போகலக்கா. பொழுது சாயுற வரைக்கும் இருந்தான்."

அக்கா முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். "ஏதாவது பேசினானா?"

"பேசினான்."

"என்னைக் கேட்டானா?"

இன்னொரு பொய் சொல்லக் கட்டுக்காரியால் முடியவில்லை.

"சார் பத்திரமா போய்ச் சேர்ந்துட்டாரான்னு கேட்டான்க்கா."