சுற்றுலாக்காரரின் கை

பழைய டூத் பிரஷ்ஷில் சோப்புத்தூளைத் தொட்டு என் வீட்டுக்காரருடைய நகங்களைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். ஃப்ரிட்ஜ் மெக்கானிக்கின் கை. எண்ணெயும் கரியும் ரேகைகளுக்குள் குடியேறியிருந்தன.

"மெதுவா தேய்டி, தோலோட வந்துடப் போகுது."

"ஊர் சுத்திப் பாக்க வந்தவர் கையில கரி இருக்குமா? ஆபீசர் கையைத்தான் முதல்ல பாப்பான்."

"உங்க ஊரு ஃப்ரிட்ஜையெல்லாம் உள்ள புகுந்து சுத்திப் பாத்தேன்னு சொல்லிடறேன்."

இடது கட்டைவிரல் நகத்தோரக் கறை மட்டும் எப்போதும்போல் போகவில்லை. "விடு, மடக்கி வெச்சுக்கறேன்" என்றார். பூப்போட்ட சட்டை. கழுத்தில் பேட்டரி இல்லாத கேமரா.

சுற்றுலா விசாவில் இருப்பவர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லையைத் தாண்டி, அந்தப் பக்கம் ஒரு டீ குடித்துவிட்டு, புது முத்திரையோடு திரும்ப வேண்டும். பதினொரு வருஷமாக இதே வேஷம். "அடுத்த மாசம் உனக்கு வேலை விசா ரெடி" என்று முதலாளி சொல்லாத வருஷமில்லை. எங்கள் தெருவில் எந்தக் கடையில் பால் கெடாமல் இருந்தாலும் அது இவர் கைவேலை. பாஸ்போர்ட்டில் மட்டும் நாங்கள் இருவரும் சுற்றுலாப் பயணிகள்.

எல்லைக்குப் போகும் வேனிலேயே மார்பைப் பிடித்துக்கொண்டார். சட்டை நனைந்துவிட்டது.

"ஆஸ்பத்திரிக்குத் திருப்பச் சொல்லட்டுமாங்க?"

"இன்னிக்குத்தான் கடைசி நாள். தவறினா ரெண்டு பேரையும் ஊருக்கே ஏத்தி அனுப்பிடுவான். முத்திரை வாங்கிட்டு நேரா டாக்டர்கிட்ட போலாம்."

வெளியேறும் முத்திரை விழுந்தது. இரண்டு நாட்டுக் கதவுகளுக்கும் நடுவே கொஞ்ச தூரம் வெறும் சாலை. அங்கே சிமென்ட் மேடையில் உட்கார்ந்தவர் எழவில்லை. நாங்கள் தாண்டி வந்த கதவுக்குப் பின்னால் ஓர் ஆம்புலன்ஸ் சும்மா நின்றிருந்தது. வேன்காரர் ஓடிப்போய்க் கேட்டார்.

"வெளிய போனவர்னு குத்தியாச்சாம் அக்கா. அந்தப் பக்கம் கேக்கச் சொல்றான்."

அந்தப் பக்கமும் ஓடினார்.

"இன்னும் உள்ள வரலையேங்கறான். பாவிங்க! மனுசன் என்ன ஆகாசத்துலயா உக்காந்திருக்கார்?"

நானே திரும்பிப் போய், தாண்டி வந்த கதவின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, சந்தையில் கற்ற அவர்கள் பாஷையில் கத்தினேன். எங்கள் வீடு உள்ளே இருக்கிறது, திறங்கள் என்றேன்.

"நீங்க டூரிஸ்ட்தானே? எந்த ஹோட்டல்ல தங்கியிருக்கீங்க?" என்றான் உள்ளேயிருந்த ஆபீசர். கேலியாகக் கேட்டிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். அக்கறையாகக் கேட்டான். ஹோட்டலாம்! வருஷா வருஷம் எங்கள் கையால் சுண்ணாம்பு அடித்த வீடு, ஹோட்டலாம்!

மூச்சு நின்ற பிறகு கதவு திறந்தது. பிணத்துக்கு முத்திரை வேண்டாம் போலிருக்கிறது. எனக்கு வேண்டும். அதே ஆபீசர் என் பாஸ்போர்ட்டைப் பிரித்தான்.

"எதுக்கு வர்றீங்க?"

அவரை ஏற்றிய ஆம்புலன்ஸைக் கை காட்டினேன். கேட்டாக வேண்டும், அதுதான் விதி என்றான். ஆம்புலன்ஸ் கிளம்பத் தயாராக உறுமியது. பதில் சொல்லாவிட்டால் அவரோடு போக முடியாது.

"சுத்திப் பாக்க" என்றேன். முத்திரை குத்தினான்.

ஆஸ்பத்திரிக்கு வந்த முதலாளி என் முகத்தைப் பார்க்காமல் போலீசிடம் சொன்னார்: "நம்ம கடையில வேலை பாக்கல சார். எப்பவாவது வந்து பேசிட்டிருப்பார், அவ்வளவுதான்."

துணியை விலக்கி அவருடைய இடது கையை எடுத்தேன். கட்டைவிரலை உள்ளே மடக்கியே வைத்திருந்தார். மெல்லப் பிரித்தேன். கறை அப்படியே இருந்தது.