இரண்டாவது மாடியின் உயரம்

மலைநாட்டுக்குப் போவதென்று முடிவான மறுநாள் அந்த வீட்டுச் சமையலறை ஏழாயிரம் அடி உயரத்துக்குப் போய்விட்டது. தண்ணீர் சீக்கிரம் கொதித்தது, பருப்பு வேகவே இல்லை. இரண்டாவது மாடி வீடு. கீழே இருந்தவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. சிலிண்டர் போடுகிறவர் மட்டும் கடைசிப் படிகளில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டு, இந்த மாடி வளர்ந்துகொண்டே போகிறதே என்று அலுத்துக்கொண்டார்.

தப்பு வீட்டுக்காரருடையது. பஸ் டிப்போவில் முப்பத்துநான்கு வருஷம் கால அட்டவணை போட்டவர். எந்த வண்டிக்கும் திரும்பி வரும் நேரத்தை முதலில் எழுதிவிட்டுத்தான் புறப்படும் நேரத்தை எழுதுவார். டிரைவர் வீடு போய்ச் சேர வேண்டாமா என்பார். சொந்தப் பயணத்துக்கு மட்டும் மனைவி விடவில்லை. போகிற வழியை முதலில் எழுதுங்கள், வருகிறதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றுவிட்டாள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஊர் ஊராக லைன் போட்டுக் கொடுத்தே ஓய்வு பெற்றவள், ஓர் ஊரையும் பார்த்தவளில்லை. ஆசைப்பட்டது ஒரே இடத்துக்கு: ராஜா இருக்கிற, பாறையில் மடாலயங்கள் ஒட்டிக்கொண்டிருக்கிற, தலைநகரத்தில்கூட சிக்னல் விளக்கு இல்லாத அந்தச் சின்ன பௌத்த நாடு. சிக்னல் இல்லாமல் வண்டி எப்படி நேரத்துக்குப் போகும் என்று அவர் இரண்டு நாள் கவலைப்பட்டார்.

அவர் ஒரு வரி எழுத எழுத வீடு ஏறியது. மூன்றாம் நாள் பயணத்தை எழுதி முடித்தபோது படுக்கையறை பதினோராயிரம் அடி. மத்தியானங்களில் மடாலயத்து ஊதுகுழல் கேட்டது. எதிர்மாடிக் கொடியில் மந்திரம் அச்சடித்த ஐந்து நிறத் துணிகள் படபடத்தன. அந்த வீட்டுக்காரி தன்னுடையவை இல்லை என்று சொல்லிவிட்டாள்.

மனைவிக்கு நுரையீரல் பாதிதான் வேலை செய்தது. பயணம் பதினோரு வருஷம் தள்ளிப்போனதே அதனால்தான். வீட்டுக்கு வந்த டாக்டர் அவள் விரலில் கிளிப்பை மாட்டி, ஆக்சிஜன் எழுபத்தெட்டு என்று பார்த்து, ஜன்னலையும் ஒருமுறை பார்த்தார். இறங்கியாக வேண்டும், இல்லாவிட்டால் பத்துப் பதினைந்து நாள்தான் என்றார்.

அன்றைக்கே அவர் பென்சிலை எடுத்துத் திரும்பும் நேரத்தை எழுதினார். பிற்பகல் இரண்டு நாற்பது. காது அடைத்துத் திறந்தது. பருப்பு வெந்தது. ஜன்னலில் மலை மறைந்து பக்கத்துக் கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டி தெரிந்தது. அவளுக்கு மூச்சு சீராக வந்தது, பேச்சு வரவில்லை. ஐந்து நாள் சுவரைப் பார்த்தே படுத்திருந்தாள். ஆறாம் நாள் வாய் திறந்தாள்.

"எறக்கிட்டீங்களே."

"மூச்சு வருதில்ல?"

"வருது. அத வெச்சுக்கிட்டு இந்தத் தொட்டியப் பாத்துட்டு இருக்கணுமா?"

"நீ இருக்கணும்மா."

"உங்களுக்குத் துணை வேணும்னா சொல்லுங்க, இருக்கேன். எனக்காகன்னு மட்டும் சொல்லாதீங்க."

அவர் ரப்பரை எடுத்து இரண்டு நாற்பதை அழித்தார். அழுத்தி அழித்ததில் தாள் கிழிந்தது.

இந்த முறை வீடு பதின்மூவாயிரம் அடிக்குப் போனது. இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு அவள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். மகனுக்கு போன் பண்ணி, லைன்லயே இருடா, மேகம் விலகுது என்று பழைய வேலைக் குரலில் சொன்னாள். அம்மாவுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று ஓடி வந்த மகன் படியிலேயே வாந்தியெடுத்தான். மேலே வந்து அப்பாவிடம் சண்டை போட வாயெடுத்தவன், ஜன்னலைப் பார்த்துவிட்டு அம்மா பக்கத்தில் உட்கார்ந்துவிட்டான்.

பதினோரு நாள் பார்த்தாள். பன்னிரண்டாம் நாள் விடிந்தபோது கண் திறந்தபடியே இருந்தது, மூச்சில்லை.

இரண்டு மாடி இறக்க மூன்றேகால் மணி நேரம் ஆயிற்று. தூக்கியவர்கள் நான்கு முறை தோள் மாற்றினார்கள். நடுவில் பனிமூட்டம் கலையட்டும் என்று காத்திருக்க வேண்டியிருந்தது.

எல்லாம் முடிந்ததும் மகன் தன்னோடு வந்துவிடச் சொன்னான். அவர், "அவ பாக்காதது இன்னும் ரெண்டு எடம் பாக்கி இருக்குடா" என்று சொல்லிவிட்டு, அங்கங்கே நின்று நின்று மேலே ஏறிப் போனார்.

இப்போதும் அங்கேதான் இருக்கிறார். பார்க்க வரும் சொந்தக்காரர்கள் முதல் மாடியில் ஓர் இரவு தங்கி, உயரம் பழகிய பிறகே மேலே போகிறார்கள். முதல் மாடிக்காரி அவர்களுக்குத் தலையணை எடுத்துக் கொடுக்கிறாள்.